கத்திரி வெயிலும் சென்னையைச் சுற்றிய சனி, ஞாயிறுகளும்

வாசகர் கேள்வி – பதில்

தையில் திருமணம் முடித்துச் சென்னையில் குடித்தனம் தொடங்கிய பிள்ளைகளிடமிருந்தும், அவர்களை அனுப்பிவிட்டு ஊரில் இருக்கும் பெரியவர்களிடமிருந்தும் இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியே பேசுகின்றன. வாரத்தின் ஐந்து நாட்களும் அலுவலகத்திலேயே கழிந்துவிடுகின்றன. சேர்ந்து வெளியே போவதற்குக் கிடைப்பவை சனியும் ஞாயிறும் மட்டுமே. அதுவும் இப்போது கோடை. எங்கே போவது, எப்படிப் போவது என்று கேட்டிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழின் கேள்வி–பதில் பக்கங்களை முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கும் என் கணவருக்கும் காரைக்குடிதான் சொந்த ஊர். இப்போது பெருங்குடியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். அவர் சென்னையில் படித்தவர் என்பதால் ஓரளவு ஊர் தெரியும். எனக்குக் கடற்கரையையும் தியாகராய நகரையும் தவிர எதுவும் தெரியாது. கத்திரி கழியட்டும் என்கிறார்கள் என் ஆத்தா. கத்திரி கழிந்தால் அவருக்கு அலுவலகத்தில் வேலை கூடிவிடும். இந்த வெயிலில் வெளியே போக முடியுமா? முதலில் எங்கே போகலாம்?
— காரைக்குடி வாசகி

பதில்: போகலாம், தயக்கமே வேண்டாம். உங்கள் ஆத்தா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அவர்களுடைய அச்சமெல்லாம் வெயிலைப் பற்றியதுதான். வெயிலின் போக்கைத் தெரிந்துகொண்டு அதற்கேற்ப நேரத்தை அமைத்துக்கொண்டால் கோடையிலும் மனம் நிறையப் பார்த்துவிட்டு வரலாம். கோடையில் எந்த ஊருக்குப் போகிறோம் என்பதைவிட, அந்த ஊரில் எந்த நேரத்தில் நிற்கிறோம் என்பதே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து.

சென்னையின் கோடைக்கும் நம் பக்கத்துக் கோடைக்கும் உள்ள பெரிய வேறுபாடு கடற்காற்று. வெயில் ஏற ஏற நிலம் கடலைவிட விரைவாகச் சூடாகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று சூடேறி மேலெழும்ப, அந்த இடத்தை நிரப்புவதற்குக் கடலின் மேலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. சென்னையில் இது பெரும்பாலும் நண்பகலையொட்டி வந்து சேரும். மேற்கிலிருந்து வறண்ட காற்று பலமாக வீசும் நாட்களில் கடற்காற்று கரைக்குள் நுழைய முடியாமல் தாமதப்படும். வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது அத்தகைய நாட்களில்தான். 2003ஆம் ஆண்டு மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி பதிவானது. கடற்காற்று முதலில் தொடுவதும் மிகுதியாகத் தொடுவதும் கரையோர ஊர்களை. உள்ளே போகப் போக அதன் வலு குறைந்துவிடும். ஆகவே காஞ்சிபுரம் போன்ற உள்நாட்டு ஊர்களை விடியற்காலையில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்; கடலோர ஊர்களைக் காலையிலும் பார்க்கலாம், மாலையிலும் பார்க்கலாம்; பதினொன்று முதல் மூன்றரை வரை எங்கே இருந்தாலும் கூரையடியில் இருங்கள்.

முதல் பயணத்துக்கு மாமல்லபுரத்தைத் தேர்ந்தெடுங்கள். பெருங்குடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துவிட்டால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் ஆகும். காலை ஆறு மணிக்கே உள்ளே விடுகிறார்கள் என்பதால், ஐந்து மணிக்கு முன்பே வீட்டைவிட்டுக் கிளம்பினால் கடற்கரைக் கோயிலின் மேல் இளவெயில் விழுவதைப் பார்க்கலாம். இராசசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுப்பித்த கோயில் அது. உப்புக் காற்றில் ஆயிரத்து முந்நூறு ஆண்டு அரிபட்டும் அதன் விமானங்களின் வடிவம் குலையவில்லை. அங்கே வாங்கும் நுழைவுச்சீட்டே அன்று ஐந்து ரதங்களுக்கும் செல்லும், எனவே அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ரதங்களுக்கு நிழல் கிடையாது; எட்டரைக்குள் அவற்றை முடித்துவிட்டுக் குன்றின் பக்கம் வந்துவிடுங்கள்.

குன்றின் பக்கத்தில்தான் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டும் என்று விரும்புகிறேன். அருச்சுனன் தபசு என்றும் பகீரதன் தவம் என்றும் இரண்டு விதமாகச் சொல்லப்படும் பெரும் பாறைச் சிற்பம் கிழக்கு நோக்கியது; காலை வெயில் நேராக அதன்மேல் விழும்போது ஒவ்வோர் உருவமும் தனித்தனியே எழுந்து தெரியும். பாறையின் நடுவே உள்ள பிளவில் நாகர்கள் கைகூப்பி நிற்கிறார்கள். ஒருபுறம் விலா எலும்பு தெரிய ஒற்றைக் காலில் நின்று கைகளை உயர்த்தித் தவம் செய்கிறவர். யானைக் கூட்டத்தின் அருகே, அதே போலக் கைகளைத் தலைக்கு மேல் தூக்கி, வயிறு ஒட்டி நிற்கும் பூனை. அதன் காலடியில் அஞ்சாமல் கூடியிருக்கும் எலிகள். ஒரு மான் பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிந்துகொண்டிருப்பதும் அங்கே இருக்கிறது. பலர் இந்தப் பாறையின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு இரண்டு நிமிடத்தில் நகர்ந்துவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். ஒருவர் பிளவின் இடப்பக்கத்தையும் மற்றவர் வலப்பக்கத்தையும் எடுத்துக்கொண்டு, கண்டதை ஒருவருக்கொருவர் காட்டுங்கள். ஒருவர் கண்ணுக்குத் தப்பியது மற்றவர் கண்ணில் படும்.

அதற்கு அடுத்தாற்போல் உள்ள கிருஷ்ண மண்டபத்தில் வெயில் ஏறியபின்னும் நிற்கலாம். கோவர்த்தன மலையைக் கண்ணன் தாங்கி நிற்க, அதன் அடியில் ஆயர் ஒருவர் பசுவிடம் பால் கறக்கிறார். பசு தன் கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது. மழைக்கு ஒதுங்கிய ஓர் ஊர் முழுவதும் அந்தச் சுவரில் இருக்கிறது. மேலே கலங்கரை விளக்கத்தின் பக்கமுள்ள மகிடாசுரமர்த்தினி குகைக்கும் ஏறிவிட்டு வாருங்கள். ஒரு சுவரில் சிங்கத்தின் மேல் போரிடும் கொற்றவை, எதிர்ச் சுவரில் பாம்பணையில் துயிலும் திருமால். இரண்டுக்கும் நடுவே குளிர்ந்த கல்தரையில் சற்று உட்கார்ந்தாலே நடந்த களைப்பு தீர்ந்துவிடும். பத்து மணிக்குள் கிளம்பிவிடலாம். கடலில் மட்டும் இறங்க வேண்டாம். அங்கே நீரின் இழுப்பு கரையிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது.

கேள்வி: என் கணவர் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் காஞ்சிபுரம், வேடந்தாங்கல், மாமல்லபுரம் மூன்றையும் பார்த்துவிடலாம் என்று திட்டம் போட்டிருக்கிறார். வாடகைக் கார் பேசியாயிற்று. காலை எட்டு மணிக்குக் கிளம்புவதாகத் திட்டம். சரியாக வருமா?
— பள்ளத்தூர் வாசகி

பதில்: வராது. எட்டு மணிக்குக் கிளம்பினால் காஞ்சிபுரம் சேரப் பத்தைத் தாண்டிவிடும். கோயில்களில் பன்னிரண்டு மணிக்கு நடை சாத்தினால் மாலை நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். இடையிலுள்ள நேரத்தில் செருப்பில்லாமல் பிரகாரத்துக் கல்லில் கால் வைக்க முடியாது. வேடந்தாங்கலைத் திட்டத்திலிருந்தே நீக்கிவிடுங்கள். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பிய பிறகு வரும் பறவைகள் பங்குனி வாக்கில் குஞ்சுகளுடன் கிளம்பிவிடும். இப்போது போனால் வறண்ட ஏரியைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள். மார்கழியில் போங்கள், மரமே வெள்ளையாகத் தெரியும்.

காஞ்சிபுரத்தை மட்டும் ஒரு காலைப்பொழுதுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கார் வேண்டும் என்பதில்லை. கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம், செங்கல்பட்டு வழியாகக் காஞ்சிபுரத்துக்கு மின்ரயில் இருக்கிறது, நேரத்தை முதல்நாளே பார்த்துக்கொள்ளுங்கள். காரிலேயே போவதானால் நான்கரைக்குக் கிளம்புங்கள். முதலில் கைலாசநாதர் கோயில். மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலை எடுத்த அதே இராசசிம்மன் கட்டியது. மணற்கல்லால் ஆனது என்பதால் காலை வெயிலில் அதன் நிறமே வேறாக இருக்கும். சுற்றுமதிலின் உட்புறத்தில் சிறிய சன்னிதிகள் 58 வரிசையாக இருக்கின்றன. அவற்றில் சிலவற்றின் சுவர்களில் பல்லவர் காலத்து ஓவியத்தின் மிச்சங்களை, ஒரு கண், ஒரு தோள், ஓர் ஆடையின் மடிப்பு என்று இன்றும் காணலாம். கருவறையில் பதினாறு பட்டைகள் கொண்ட லிங்கம். அதைச் சுற்றி வருவதற்குக் குறுகலான ஒரு வழி உண்டு, உடம்பை ஒடுக்கித் தவழ்ந்துதான் நுழைய வேண்டும். பிற்காலத்தில் இக்கோயிலுக்கு வந்த இராசராச சோழன் இதைக் கச்சிப்பேட்டுப் பெரிய திருக்கற்றளி, அதாவது காஞ்சியின் பெரிய கற்கோயில், என்று குறித்திருக்கிறான். தஞ்சையில் பெரிய கோயிலை எழுப்பியவன் இதைப் பெரிய கற்றளி என்று சொல்லியிருக்கிறான் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு அந்த விமானத்தை ஏறிட்டுப் பாருங்கள்.

ஒன்பது மணிக்கு மேல் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போங்கள். அதன் பிரகாரத்தைச் சுற்றிச் சிங்கத் தூண்கள் தாங்கிய நிழல் நடை இருப்பதால் வெயில் தெரியாது. அந்த நடையின் சுவர் முழுவதும் பல்லவர் குலத்தின் வரலாறு, முடிசூட்டலும் போரும் தூதும், படம் படமாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. பிறகு ஏகாம்பரநாதரையும் வரதராசரையும் சேவித்துவிட்டு, மிளகும் சீரகமும் சுக்கும் மணக்கும் காஞ்சிபுரம் இட்லியைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புங்கள். வைகாசியில் வரதராசருக்குப் பிரம்மோற்சவம்; கருட சேவையன்று ஊர் கொள்ளாத கூட்டம் வரும். கூட்டத்தில் நின்று சேவிக்க விரும்பினால் அந்த நாளைத் தேர்ந்தெடுங்கள், கோயிலைப் பார்க்க விரும்பினால் தவிர்த்துவிடுங்கள்.

பட்டு எடுப்பதை அன்று சேர்க்காதீர்கள், அது தனியாக ஒரு நாள் வேலை. நல்ல கடைக்கு அழைத்துப் போகிறேன் என்று வழியில் வருகிறவர்களின் பின்னால் போகாமல், நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் விற்பனை நிலையங்களில் விலையையும் சரிகையையும் முதலில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: மகனும் மருமகளும் ஞாயிறு தவறாமல் மோட்டார் சைக்கிளில் கடற்கரைச் சாலையில் போகிறார்கள். எங்களுக்கு வயிற்றைக் கலக்குகிறது. அவர்களைத் தனியே விடாமல் நாங்களும் வாரம் ஒரு முறை பல்லவன் ரயிலில் போய்விடலாமா என்று அவன் அப்பச்சி கேட்கிறார்கள். தங்கள் கருத்து என்ன?
— தேவகோட்டை வாசகி

பதில்: ஆச்சி, சாலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் அச்சம் சரியானதே. அந்தச் சாலையில் சனிக்கிழமை மாலையும் ஞாயிற்றுக்கிழமை மாலையும் வண்டிகள் போகும் வேகம் நகரத்துச் சாலைக்குரியது அன்று. விடியற்காலையில் போய்ப் பகல் வெளிச்சத்தில் திரும்புவதானால் போகலாம். இருட்டிய பிறகு இருசக்கர வண்டியில் அந்த வழியே வரவே கூடாது. தலைக்கவசம் ஓட்டுகிறவருக்கு மட்டுமன்றிப் பின்னால் அமர்கிறவருக்கும் சட்டப்படி கட்டாயம். மருமகள் சேலையோ துப்பட்டாவோ அணிந்திருந்தால் முந்தானையை இறுகச் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள். சக்கரத்தில் துணி சிக்கி நேரும் விபத்துகள் கொஞ்சமல்ல. திருவான்மியூர் வழியாக மாமல்லபுரத்துக்குப் பேருந்துகள் அடிக்கடி இருக்கின்றன. அவற்றில் போனால் இருவரும் பேசிக்கொண்டாவது போகலாம் என்று மகனிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

இனி, வாரந்தோறும் நீங்கள் போவதைப் பற்றி. திருமணம் முடிந்த பிள்ளைகளை வேறு வைக்கும் வழக்கத்தை நம் முன்னோர் ஏற்படுத்தி வைத்தது எதற்காக என்று எண்ணிப் பாருங்கள். ஒரே வளவுக்குள், ஒரே கூரையின் கீழ் இருந்தபோதும், புதிதாக மணமானவர்களுக்கு அடுப்பு தனி, கணக்கு தனி என்று வைத்தார்கள். கோயில் கணக்கிலும் அவர்களைத் தனிப் புள்ளியாகவே, அதாவது தனிக் குடும்பமாகவே, எழுதினார்கள். பிள்ளைகளைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டே அவர்கள் வாழ்க்கையை அவர்களே நடத்தவிட்ட பெரியவர்கள் அவர்கள். முந்நூறு மைலுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு நாம் அதைவிடக் குறைத்துக் கொடுக்கலாமா? வாரத்தில் அவர்கள் இருவரும் சேர்ந்து இருக்கும் பகல் இரண்டுதான். அதில் மாதத்துக்கு ஒரு முறை நீங்கள் போனால் அது அவர்களுக்கும் மகிழ்ச்சியாக இருக்கும். வாரா வாரம் போனால் அவர்கள் சொல்லவும் மாட்டார்கள், உள்ளே வருந்தவும் செய்வார்கள்.

அந்த ஒரு முறை போகும்போது வெள்ளிக்கிழமை விடியலில் காரைக்குடியில் பல்லவனைப் பிடித்தால் நண்பகலையொட்டி எழும்பூரில் இறங்கிவிடலாம். அன்று ஓய்வெடுத்துவிட்டு மறுநாள் காலை நால்வருமாகக் காஞ்சிபுரம் போய் வாருங்கள். பேருந்தில் போவதானால் அது கிளாம்பாக்கத்திலேயே நின்றுவிடும். அங்கிருந்து நகருக்குள் போகும் நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வெளியே தலைகாட்ட முடியாத அளவு வெயில் அடிக்கும் நாட்களில் நிழலிலேயே பார்க்கக்கூடிய இடங்கள் உண்டா? எங்கள் பக்கத்து நினைவு வரும்படியான இடம் ஏதாவது சென்னையில் இருந்தால் சொல்லுங்கள். அடுக்குமாடி வீட்டில் முற்றம் இல்லாமல் மூச்சு முட்டுகிறது.
— கோட்டையூர் வாசகி

பதில்: உங்களுக்காகவே இருப்பதுபோல் ஓர் இடம் இருக்கிறது. முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ராவில், தென்னிந்தியாவின் பல பகுதிகளிலிருந்து பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடியும் எழுப்பி வைத்திருக்கிறார்கள். கேரளத்து மர வீடு, கர்நாடகத்து வீடு, ஆந்திரத்து வீடு ஆகியவற்றோடு நம் செட்டிநாட்டு வீடும் ஒன்று அங்கே நிற்கிறது. 1996இல் திறக்கப்பட்ட அந்த வளாகத்தை லாரி பேக்கரின் கட்டடக்கலை முறையில் அமைத்தார்கள். தேக்குத் தூண்களுக்கு இடையே திண்ணையில் உட்கார்ந்து பாருங்கள்; சூடான காற்று முற்றத்து வழியே மேலேறிப் போக, முகப்பிலிருந்து புதிய காற்று உள்ளே வருவதை உடம்பே உணரும். விசிறி இல்லாத காலத்தில் நம் வீடுகளில் சித்திரை மாதத்தைக் கழித்தது இப்படித்தான். ஊருக்குப் போய் வந்த நிறைவு உங்களுக்குக் கிடைக்கும். செவ்வாய்க்கிழமை விடுமுறை, சனி, ஞாயிறுகளில் காலை பத்து மணிக்குத் திறப்பார்கள். மாமல்லபுரத்திலிருந்து திரும்பும்போதே இதையும் பார்த்துவிட்டால் வெயில் உச்சிக்கு வரும் நேரம் கூரையடியில் கழிந்துவிடும். அதே சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில், கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தின் கூடங்களும் நிழலானவை, அமைதியானவை.

நகருக்குள் புனித ஜார்ஜ் கோட்டையைப் பாருங்கள். அங்குள்ள அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. 1680இல் திறந்த புனித மரியாள் தேவாலயம் அந்தக் கோட்டைக்குள்தான் இருக்கிறது. ராபர்ட் கிளைவ் 1753இல் மணம் செய்துகொண்டது அங்கேதான். அடையாற்றுப் பிரம்மஞான சபையின் ஆலமரத்தடிக்குப் போவதானால் சனிக்கிழமை போங்கள், ஞாயிற்றுக்கிழமை உள்ளே விடமாட்டார்கள்.

நீங்கள் கோட்டையூரிலிருந்து எழுதியிருப்பதால் ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. உங்கள் ஊர் ரோஜா முத்தையா செட்டியார் தம் வாழ்நாளெல்லாம் சேர்த்து வைத்த தமிழ் நூல்களும் இதழ்களும் அழைப்பிதழ்களும் துண்டறிக்கைகளும்தான் சென்னையில் அவர் பெயரால் 1994இல் அமைந்த ஆய்வு நூலகத்துக்கு அடித்தளம். அது சுற்றிப் பார்க்கும் இடம் இல்லை, படிக்கிறவர்களுக்கான இடம். ஆயினும் படித்த பெண்ணாகிய நீங்கள் ஒரு நாள் அங்கே போய் உட்கார வேண்டும். சென்னையின் தெருத் தெருவாக வரலாற்றைத் தேடி எழுதி, ஆண்டுதோறும் ஆகஸ்டு 22 அன்று சென்னை நாள் கொண்டாடப்படுவதற்குக் காரணமானவர்களில் ஒருவரான எஸ். முத்தையாவும் பள்ளத்தூர்க்காரர். சென்னை நமக்கு அயலூர் என்ற எண்ணமே வேண்டாம்.

கேள்வி: பிள்ளைகள் பயணம் போகும்போது கையில் எடுத்துப்போக ஊரிலிருந்து என்ன செய்து அனுப்பலாம்?
— கானாடுகாத்தான் வாசகி

பதில்: சீப்புச் சீடையும் தேன்குழலும் மாவுருண்டையும் எந்த வெயிலுக்கும் கெடாது, கொட்டானில் போட்டு அனுப்புங்கள். ஆனால் உப்பும் எண்ணெயும் உள்ள பலகாரம் தாகத்தைக் கூட்டும் என்பதால் பயணத்தன்று அளவாகத் தின்னச் சொல்லுங்கள். சோறு கட்டுவதானால் நல்லெண்ணெய் ஊற்றிய புளியோதரை நண்பகல் வரை தாங்கும். தேங்காய் அரைத்த வெஞ்சனம் எதுவும் வேண்டாம். வழியில் விற்கும் வெட்டிய பழங்களைத் தொடாமல் நுங்கும் இளநீரும் வாங்கிக்கொள்ளட்டும்.

எல்லாவற்றையும்விடத் தண்ணீர்தான் முக்கியம். காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து ஒரு புட்டியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வியர்த்துக் களைத்தவர்களுக்கு வெறும் தண்ணீரைவிட இது உதவும். தலைசுற்றலோடு பேச்சுக் குழறினாலோ, உடம்பு கொதித்தும் வியர்வை நின்றுவிட்டாலோ, நிழலில் கிடத்தி ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து உடனே 108ஐ அழைக்க வேண்டும். உடைக்கு நம் ஊர்ப் பருத்திக் கண்டாங்கிக்கு இணையில்லை. மருமகளுக்கு இந்தக் கோடைக்கு ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: சனிக்கிழமை போய் ஒரு நாள் தங்கி ஞாயிறு திரும்பும்படி எங்காவது போக விரும்புகிறோம். செஞ்சிக் கோட்டை, புதுச்சேரி, ஏலகிரி மூன்றில் எது நல்லது?
— புதுவயல் வாசகர்

பதில்: இந்தக் கோடைக்கு ஏலகிரி. சென்ட்ரலிலிருந்து ரயிலில் ஜோலார்பேட்டை வந்து, அங்கிருந்து பேருந்திலோ காரிலோ மலையேறலாம். மொத்தம் 14 கொண்டையூசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தமிழ்ப் புலவர் அல்லது வள்ளலின் பெயரை வைத்திருக்கிறார்கள், வளைவு வரும்போதெல்லாம் அடுத்த பெயர் யாருடையது என்று கேட்டுக்கொண்டே ஏறலாம். உயரம் ஏறத்தாழ 1,100 மீட்டர்தான் என்பதால் கோடைக்கானல் குளிரை எதிர்பார்க்கக் கூடாது. பகலில் வெயில் உறைக்கவே செய்யும். ஆனால் மாலை ஐந்துக்கு மேலும் காலை ஒன்பது வரையும் நடப்பதற்கு இதமாக இருக்கும். கோடை விழா நடக்கும் வாரத்தைத் தவிர்த்துவிட்டு, அறையை முன்கூட்டியே பேசிவையுங்கள்.

புதுச்சேரி 150 கிலோமீட்டர். மாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டு நடப்பவர்களுக்கு மட்டும் விடும் கடற்கரைச் சாலைக்காகவே ஒரு முறை போகலாம். அருகில் ஆரோவில்லில் உள்ள தியான மண்டபமான மாத்திரிமந்திர் உள்ளே போக முன்பதிவு வேண்டும்.

செஞ்சியை மார்கழிக்கோ தைக்கோ தள்ளி வையுங்கள். 2025இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இடம் பெற்ற மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டில் தமிழகத்துக்கு உரியது அது ஒன்றே. அத்தனை சிறப்புள்ள கோட்டையை அரைகுறையாகப் பார்ப்பதில் பொருளில்லை. இராசகிரியின் உச்சிக்கு ஏறாமல் செஞ்சியைப் பார்த்ததாகாது. அந்தப் பாறைப் படிகளில் சித்திரை வெயிலில் ஏறுவது உடம்புக்கு ஆகாது.

கேள்வி: போன மாதம் என் மனைவியை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். வாராவாரம் புதிதாக ஓர் இடம் பார்த்துவிட வேண்டும் என்பது என் ஆசை. அவளோ மறுபடியும் அந்த அருங்காட்சியகத்துக்கே போக வேண்டும் என்கிறாள். இதனால் எங்களுக்குள் சிறு மனத்தாங்கல்.
— அரியக்குடி வாசகர்

பதில்: உங்கள் மனைவியின் விருப்பத்துக்கே என் ஓட்டு. 1851இல் தொடங்கிய அந்த அருங்காட்சியகத்தின் வெண்கலச் சிலைகளை ஒரே நாளில் பார்த்து முடித்தவர் யாரும் இல்லை. இரண்டாம் முறை போகும்போது எல்லாவற்றையும் சுற்றாமல் இரண்டு சிலைகளின் முன் மட்டும் நில்லுங்கள்.

ஒன்று, திருவெண்காட்டிலிருந்து வந்த அர்த்தநாரீசுவரர். பதினோராம் நூற்றாண்டுச் சோழர் படைப்பு. வலப்பக்கம் சிவன், இரண்டு கைகள். இடப்பக்கம் உமை, ஒரே கை. ஒரு பக்கத்து இடை நேராக இறங்குகிறது, மறுபக்கம் வளைந்து விரிகிறது. அணியும் ஆடையும்கூடப் பாதிக்குப் பாதி மாறுகின்றன. ஆயினும் இரண்டு உடம்பை ஒட்டவைத்தது போன்ற எண்ணம் எங்கிருந்து பார்த்தாலும் வருவதில்லை. முன்னால் நின்று பார்த்த பிறகு இரு பக்கங்களிலும் நின்று தனித்தனியே பாருங்கள்.

மற்றொன்று, திருவாலங்காட்டு நடராசர். பிரெஞ்சுச் சிற்பி ரோடின் இந்தச் சிலையை நேரில் காணாமலே, நிழற்படங்களை மட்டும் பார்த்து அதன் அழகைப் பற்றி எழுதினார். நமக்கோ மின்ரயிலில் போய் எதிரே நிற்க வாய்த்திருக்கிறது.

நீங்கள் விரும்பும் புதிய இடமும் இதிலேயே இருக்கிறது. அந்த நடராசர் இருந்த திருவாலங்காடு, சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் மின்ரயில் பாதையில் உள்ள ஊர். நடராசர் ஆடிய ஐந்து சபைகளில் இரத்தின சபை அது. காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து வந்து இறைவன் திருவடிக்கீழ் இருந்து பாடிய இடமும் அதுவே. சிலையை அருங்காட்சியகத்தில் பார்த்த கண்ணோடு அந்தக் கோயிலுக்குள் நுழைவது தனி அனுபவம். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை என்பதால், சனிக்கிழமை பகல் வெயிலை எழும்பூரில் சிலைகளின் நடுவே கழித்துவிடலாம். ஞாயிறு விடியலில் சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் மின்ரயிலைப் பிடியுங்கள். திருவாலங்காடு நிலையத்திலிருந்து கோயில் சற்றுத் தொலைவு, ஆட்டோ வைத்துக்கொள்ளுங்கள். உள்நாட்டு ஊர் என்பதால் அங்கே வெயில் விரைவில் ஏறிவிடும். ஏழரைக்குள் கோயிலில் இருந்தால் பத்து மணி ரயிலில் திரும்பிவிடலாம்.